முடி உதிர்வு: முதலில் காரணம், பிறகு காசு



கல்வி உதவி, மருத்துவ உதவி, குமர் காரியம் என்று எழுத எத்தனையோ இருக்க, முடி உதிர்வுக்கு இத்தனை பக்கமா என்று சிலர் கேட்கலாம். எங்களுக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. கடந்த ஆண்டு ஒரே மாதத்தில் நமது டிரஸ்டின் முன் வந்த இரண்டு குடும்பங்கள்தான் எங்கள் எண்ணத்தை மாற்றின. பெயரும் தெருவும் வேண்டாம். விஷயத்தை மட்டும் சொல்கிறோம்.

முதலாவது ஒரு தாயார். மகனுக்கு இருபத்தாறு வயது. வளைகுடாவில் கடை வேலை. விடுமுறையில் வந்திருந்தார். முன்நெற்றி ஏறிவிட்டது, உச்சியும் தெரிகிறது. இரண்டு இடத்தில் பெண் பார்த்து, இரண்டு இடத்திலும் "மாப்பிள்ளைக்கு முடி இல்லையே" என்று நின்றுபோனது. பெரிய நகரத்தில் உள்ள ஒரு மையம், "ஒரே நாளில் முடி நட்டுத் தருகிறோம், இந்த வாரம் முன்பணம் கட்டினால் தள்ளுபடி" என்று போனில் சொல்லியிருக்கிறது. மகளுக்காக வைத்திருந்த நகையை ஈடாகக் காட்டி, வட்டியில்லாக் கடன் கேட்டு அந்தத் தாயார் வந்தார்.

இரண்டாவது குடும்பம் முடிக்காக வரவே இல்லை. விசைத்தறி வேலை பார்க்கும் ஒரு சகோதரர், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கு மனுக் கொடுக்க வந்தார். வீட்டுச் செலவுக் கணக்கைக் கேட்டபோது, மாதாமாதம் ஒரு எண்ணெய் பாட்டிலுக்கு நல்ல தொகை போவது தெரிந்தது. அவர் மனைவிக்கு எட்டு மாதமாகக் கொத்துக் கொத்தாக முடி கொட்டுகிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, எப்போதும் அசதி. "முடி கொட்டுவதற்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போவார்களா?" என்று அந்தச் சகோதரி வெட்கப்பட்டு இருந்துவிட்டார்.

முதல் மனுவைப் பற்றி நாங்கள் இரண்டு மணி நேரம் பேசினோம். இரண்டாவதைப் பற்றிப் பேச எங்களுக்குத் தோன்றக்கூட இல்லை. ஆனால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டியிருந்தவர் அந்தச் சகோதரிதான். அதனால்தான் இந்தப் பாடம்.

முடி எப்படி வளர்ந்து உதிர்கிறது?

நம் தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முடிக்கும் ஒரு சுற்று உண்டு. இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளரும். பிறகு இரண்டு மூன்று வாரங்கள் வேர் சுருங்கும். அதன்பின் மூன்று மாதம் போல ஓய்வில் இருந்து உதிரும். அதே குழியில் புது முடி முளைக்கும். வளரும் வேகம் மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்.

ஆகவே தினமும் 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. சீப்பில் பத்து முடி வந்தால் பயப்பட வேண்டியதில்லை. வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவர்களுக்கு அன்று மொத்தமாக வருவதும் இயல்பே. கொட்டும் அளவு திடீரென்று கூடினாலோ, வகிடு அகலமானாலோ, ஓரிடத்தில் மட்டும் வட்டமாகப் போனாலோதான் கவனிக்க வேண்டும்.

இந்தச் சுற்று தெரிந்துவிட்டால் இன்னொன்றும் புரியும். எந்தச் சிகிச்சையானாலும் பலன் தெரியக் குறைந்தது நான்கைந்து மாதம் ஆகும். "பதினைந்து நாளில் முடி" என்று எவர் சொன்னாலும் அது முடியின் இயற்கைக்கே ஒத்துவராத பேச்சு.

எல்லா உதிர்வும் ஒன்றல்ல

காய்ச்சல் என்பது ஒரு அறிகுறி. மலேரியாவுக்கும் டைபாய்டுக்கும் ஒரே மருந்து கொடுப்பதில்லை. முடி உதிர்வும் அப்படித்தான். நமது வீடுகளில் அதிகம் காணப்படும் வகைகள் இவை.

1. பரம்பரை வழுக்கை. ஆண்களில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான். நெற்றியின் இரு மூலைகளும் ஏறும், உச்சி தெரியும். ஆண் ஹார்மோனிலிருந்து உண்டாகும் டி.ஹெச்.டி. என்ற பொருளுக்கு அந்த இடத்து முடிவேர்கள் பிறவியிலேயே பலவீனமானவை. முடி முதலில் மெலிந்து, குட்டையாகி, பிறகு இல்லாமல் போகும். பிடரிப் பக்கத்து முடிக்கு அந்தப் பலவீனம் இல்லாததால் அது நிற்கிறது. தாய்மாமனுக்கு வழுக்கை இருந்தால் மட்டுமே வரும் என்பது சரியல்ல. தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் வரலாம். பெண்களுக்கும் வரும். அவர்களுக்கு நெற்றி ஏறாது, வகிடு அகலமாகும்.

2. உடல் அதிர்ச்சிக்குப் பின் வரும் உதிர்வு. டெங்கு, டைபாய்டு, கொரோனா போன்ற கடும் காய்ச்சல், பிரசவம், ஆபரேஷன், பட்டினி கிடந்து உடல் இளைப்பது, பெரும் துக்கம் இவற்றுக்குப் பிறகு இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலை முழுவதும் கொட்டும். வேர் சாகவில்லை, பல முடிகள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விட்டன, அவ்வளவுதான். பெரும்பாலும் ஆறு மாதத்தில் தானாகவே சரியாகும். குழந்தை பெற்ற பெண்ணிடம் "பிள்ளை முகம் பார்த்ததும் முடி கொட்டும்" என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

3. சத்துக் குறைவும் சுரப்பிக் கோளாறும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு, கர்ப்பப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை (பி.சி.ஓ.எஸ்.) ஆகியவை பெண்களிடம் அதிகம். மாதவிடாயில் இரத்தப்போக்கு மிகுதியாக உள்ளவர்களும், எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிச்சத்தை மட்டும் சாப்பிடும் தாய்மார்களும் இதில் விழுகிறார்கள். இங்கே முடி கொட்டுவது உள்ளே இருக்கும் நோயின் தகவல். தலையில் எண்ணெய் தேய்த்து அந்தத் தகவலை அழிக்க முடியாது.

4. புழுவெட்டு. காசு அளவு வட்டமாக, வழவழப்பாக முடி போய்விடும். தாடியிலும் வரும். பெயரில்தான் புழு இருக்கிறது, உண்மையில் எந்தப் புழுவும் இல்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தவறுதலாகத் தன் முடிவேரையே தாக்குவதால் வருவது. தொற்றாது. ஓரிரு வட்டங்கள் மட்டும் இருந்தால் பலருக்கு ஓராண்டுக்குள் தானே முளைக்கும். இல்லாவிட்டால் தோல் மருத்துவர் அந்த இடத்தில் ஊசி போடுவார். தலை முழுவதும் பரவியவர்களுக்கும் 2022ஆம் ஆண்டு முதல் மாத்திரைகள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. கடுமையான பக்கவிளைவு வரக்கூடியவை என்பதால் மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டும். வெங்காயத்தையும் பூண்டையும் புண்ணாகும் வரை தேய்ப்பதை விட்டுவிடுங்கள்.

5. தலைப்படை. குழந்தைகளுக்கு வருவது. செதில் செதிலாக, அரிப்புடன், முடி ஒடிந்து கறுப்புப் புள்ளியாக நிற்கும். இது காளான் கிருமி, தொற்றும். ஒரே சீப்பு, ஒரே துண்டு, ஒரே தொப்பி வழியாகப் பரவும். மேலே களிம்பு மட்டும் தடவினால் போகாது, வேருக்குள் இருப்பதால் மாத்திரை தேவை. மக்தப் மதரஸா நடத்தும் உஸ்தாதுமார்கள் கவனிக்க வேண்டுகிறோம். பிள்ளைகள் தொப்பி மாற்றிப் போடுவதைத் தடுங்கள். பள்ளிவாசலில் பொதுவாக வைத்திருக்கும் தொப்பிகளை வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். இயன்றவரை எல்லோரும் சொந்தத் தொப்பியே கொண்டுவரலாம்.

6. இழுப்பினால் வரும் உதிர்வு. இறுக்கிப் பின்னுவது, இறுக்கிக் கொண்டை போட்டு அதன் மேல் ஊசி குத்துவது ஆகியவற்றால் நெற்றி ஓரமும் காதோரமும் முடி போகும். ஆரம்பத்தில் தளர்த்தினால் திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் விட்டால் வேரே செத்துவிடும்.

7. தழும்பாகும் உதிர்வு. எரிச்சல், வலி, சிவப்பு, சீழ் இவற்றோடு முடி போய், அந்த இடம் மினுமினுப்பாகும். இது அரிது. ஆனால் அவசரம். போன வேர் திரும்பாது என்பதால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

புற்றுநோய் மருந்தினால் வரும் உதிர்வு தனி. மருந்து முடிந்ததும் பெரும்பாலும் முடி திரும்ப வளர்ந்துவிடும். அப்படிப்பட்ட நோயாளியைப் பார்க்கப் போகும்போது தலையைப் பார்க்காமல் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள்.

தண்ணீர், தொப்பி, ஹிஜாப், மொட்டை

நம் ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் குற்றம் சொல்வது போர் தண்ணீரைத்தான். வளைகுடாவில் இருப்பவர்கள் அங்குள்ள கடல் தண்ணீரைச் சொல்வார்கள். உப்புத் தண்ணீரில் முடி முரடாகும், சிக்கு விழும், நடுவில் ஒடியும். ஆனால் அது வேரைச் சாகடித்து வழுக்கையை உண்டாக்காது. அத்தா, பெரியத்தா, அவர் மகன் மூவருக்கும் ஒரே வடிவத்தில் வழுக்கை இருக்கும்போது, அதே தண்ணீரில் குளிக்கும் பெண்களுக்கு ஏன் அப்படி ஆகவில்லை என்று யோசித்தாலே புரியும்.

2024 டிசம்பர் கடைசியில் மகாராஷ்டிராவின் புல்டாணா மாவட்டத்தில் சில கிராமங்களில் ஆண், பெண், குழந்தை என்று பலருக்குச் சில நாட்களிலேயே முடி கொட்டியது. அங்கும் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான் விழுந்தது. பிறகு டாக்டர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர் பரிசோதனைகள் செய்து, அவர்கள் சாப்பிட்ட ரேஷன் கோதுமையில் செலினியம் என்ற தாது மிக அதிகமாக இருப்பதாக அறிவித்தார். பரிசோதிக்காமல் கைகாட்டுவதில் என்ன பயன் என்பதற்கு இது ஒரு பாடம்.

தொப்பி போடுவதால் வழுக்கை வராது. ஹிஜாபினாலும் வராது. அதற்குள் முடியை எப்படிக் கட்டியிருக்கிறோம் என்பதே விஷயம். ஈரமுடியை அப்படியே மூடிக் கட்டாமல், காயவைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்பதும் சரியல்ல. வெட்டிய நுனி தடிமனாகத் தெரிவதால் அப்படித் தோன்றுகிறது. உம்ராவிலும் அகீகாவிலும் நாம் முடி களைவது வணக்கமாகத்தான், வைத்தியமாக அல்ல.

தேங்காய் எண்ணெய் முடித்தண்டின் புரதம் கரைந்துபோவதைக் குறைக்கிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். வெந்தயம், செம்பருத்தி, கரிசலாங்கண்ணி எல்லாம் முடிக்கு மென்மை தரும். வழக்கம்போல் தேய்த்துக்கொள்ளுங்கள். ஆனால் செத்த வேரை எழுப்பும் எண்ணெய் எதுவும் இல்லை.

யாரிடம் போவது?

முடிக்கும் தோலுக்கும் மருத்துவர் ஒருவரே. எம்.பி.பி.எஸ். முடித்து, அதற்கு மேல் எம்.டி. (டி.வி.எல்.) அல்லது டி.டி.வி.எல். படித்த தோல் நோய் மருத்துவர். பியூட்டி பார்லர், சலூன், மெடிக்கல் ஷாப், யூடியூப் ஆகியவை இவருக்கு ஈடாகா. நம் ஊர் அரசு மருத்துவமனையில் முதலில் காட்டினால், தேவைப்பட்டால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். சித்த மருத்துவத்தை விரும்புகிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் பெட்டி விரிப்பவரிடம் போகாமல், பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். எங்கே போவது என்று தெரியாவிட்டால் அரசின் 104 எண்ணுக்கு அழைத்துக் கேட்கலாம்.

போகும்போது நான்கு விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: எப்போது தொடங்கியது, அதற்கு மூன்று மாதம் முன்பு காய்ச்சலோ பிரசவமோ இருந்ததா, என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது. பெண்கள் மாதவிடாய் விவரத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலையைக் காட்டத் தயங்குபவர்கள் பெண் மருத்துவர் இருக்கும் நேரத்தைக் கேட்டுப் போகலாம். சிகிச்சைக்காகத் தேவையான அளவு காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை.

முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தைராய்டு, மாரடைப்புப் பரிசோதனை முடிவுகளை அது தவறாகக் காட்டச் செய்யும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் எச்சரித்தது. பயோட்டின் குறைவு இல்லாதவர்களுக்கு அதனால் முடி கூடும் என்பதற்கு நல்ல ஆதாரமும் இல்லை.

சிகிச்சைகளும் அவற்றின் எல்லையும்

இரும்புச்சத்துக் குறைவுக்கு இரும்பு மாத்திரை, தைராய்டுக்குத் தைராய்டு மாத்திரை, படைக்குக் காளான் மருந்து. காரணத்தைச் சரிசெய்தால் முடி பின்னால் வரும். கீழே சொல்பவை முக்கியமாகப் பரம்பரை வழுக்கைக்கானவை.

மினாக்ஸிடில். இரத்த அழுத்தத்திற்கு வந்த மருந்து. சாப்பிட்டவர்களுக்கு முடி வளர்வதைக் கண்டு, தலையில் தடவும் மருந்தாக்கி 1988இல் அமெரிக்காவில் அங்கீகரித்தார்கள். மருத்துவர் சொல்லும் அளவில் தினமும் தடவ வேண்டும். முதல் சில வாரங்கள் உதிர்வு கூடும். பயந்து நிறுத்திவிடாதீர்கள், பழைய முடி புது முடிக்கு இடம் விடுகிறது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதம் ஆகும். நிறுத்தினால் சில மாதங்களில் பழைய நிலைக்கே போகும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் தடவக் கூடாது. தடவியபின் நான்கு மணி நேரம் தலை நனையாமல் இருப்பது நல்லது. ஆகவே இரண்டு வேளை தடவுபவர்களுக்கு ஃபஜ்ருக்குப் பிறகும் இஷாவுக்குப் பிறகும் வசதியான நேரம். அதில் ஆல்கஹால் கலந்திருப்பது பற்றிச் சந்தேகம் உள்ளவர்கள் நமது ஹஸ்ரத் அவர்களிடம் விளக்கம் கேட்கலாம்.

ஃபினாஸ்டரைடு. ஆண்களுக்கான மாத்திரை. டி.ஹெச்.டி. உண்டாவதைக் குறைக்கும். 1997இல் வழுக்கைக்கு அங்கீகாரம் பெற்றது. சிலருக்கு இல்லற ஆசை குறைவு, மனச்சோர்வு போன்ற பக்கவிளைவுகள் வரலாம். வந்தால் வெட்கப்படாமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கர்ப்பிணிகள் இதன் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது, வயிற்றிலிருக்கும் ஆண் குழந்தைக்கு ஆபத்து. நண்பன் சாப்பிடுகிறான் என்று நாமும் வாங்கிச் சாப்பிடும் மருந்தல்ல இது.

பி.ஆர்.பி. நம் இரத்தத்தையே எடுத்து, இயந்திரத்தில் சுழற்றிப் பிரித்து, தலையில் ஊசியாகப் போடுவது. சிலருக்குப் பலன் உண்டு, ஆய்வு முடிவுகள் ஒரே மாதிரி இல்லை. பலமுறை போட வேண்டும், செலவு அதிகம். முதல் சிகிச்சையாக இதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

முடி மாற்று அறுவை சிகிச்சை. பிடரியில் இருக்கும் முடியை வேரோடு எடுத்து முன்னால் நடுவது. புது முடியை இது உண்டாக்குவதில்லை, இருப்பதை இடம் மாற்றுகிறது. பிடரியின் இருப்பு தீர்ந்தால் தீர்ந்ததுதான். நட்ட முடி முதல் சில வாரங்களில் உதிர்ந்து, பிறகு முளைத்து, முழுப் பலன் தெரிய ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் ஆகும். நடாத இடத்தில் பழைய முடி தொடர்ந்து உதிரும் என்பதால் மருந்தையும் விட முடியாது. இருபதுகளின் தொடக்கத்தில் வழுக்கை எங்கே போய் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் நல்ல மருத்துவர்கள் இளைஞர்களைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். திருமணத்திற்கு இரண்டு மாதம் முன்பு செய்துகொள்ள நினைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் நடந்தது

2016 மே மாதம், சென்னையில் 22 வயது மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு முடி மாற்று மையத்திற்குப் போனார். சிகிச்சையின்போதே உடல்நிலை மோசமானது. ஓரிரு நாளில் வேலூர் மருத்துவமனையில் இறந்துபோனார். அதிகாரிகள் விசாரித்தபோது, அந்த மையத்திடம் இருந்தது சலூன் நடத்தும் உரிமம் மட்டுமே என்று தெரிந்தது. பிறகுதான் சீல் வைத்தார்கள். மருத்துவம் படித்த பிள்ளைக்கே அந்த விளம்பரத்தின் பின்னால் இருப்பது தெரியவில்லை என்றால், நம் பிள்ளைகளின் நிலை என்ன?

சரியான இடத்தில், சரியான மருத்துவர் செய்தால் இது பெரும்பாலும் ஆபத்தில்லாத சிகிச்சைதான். ஆனால் பல மணி நேரம் மரத்துப்போகும் ஊசி போட்டுச் செய்யும் ஆபரேஷன் அது. அந்த மருந்தின் அளவு மீறினால் மூளையும் இதயமும் பாதிக்கும். அந்த நேரத்தில் காப்பாற்றத் தெரிந்தவரும் கருவியும் அருகில் இருக்க வேண்டும். தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முறையாக அறுவை சிகிச்சைப் பயிற்சி பெற்ற பதிவு பெற்ற மருத்துவரே முடி மாற்றுச் சிகிச்சை செய்ய வேண்டும் என்றும், யூடியூபைப் பார்த்தோ பயிலரங்கில் வேடிக்கை பார்த்தோ கற்றது போதாது என்றும் கூறியிருக்கிறது.

எனவே எந்த மையமானாலும் முன்பணம் கட்டும் முன் இவற்றைக் கேளுங்கள்:

• ஆபரேஷன் செய்யும் மருத்துவர் யார்? அவர் படிப்பு என்ன? மருத்துவ கவுன்சில் பதிவு எண் என்ன?
• தொடக்கம் முதல் முடிவு வரை அவர் அறையில் இருப்பாரா, டெக்னீஷியன்தான் செய்வாரா?
• தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் பதிவுச் சான்று இருக்கிறதா? சுவரில் மாட்டியிருக்கிறார்களா?
• ஆக்ஸிஜனும் அவசர மருந்துகளும் உண்டா? அவசரம் என்றால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோவார்கள்?
• எத்தனை முடிக்கட்டுகள், மொத்தச் செலவு எவ்வளவு, பிறகு எத்தனை காலம் மருந்து? எழுத்தில் தருவார்களா?

இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிப்பவர்களிடம் உங்கள் பிள்ளையின் தலையைக் கொடுக்காதீர்கள்.

விளம்பரமும் எங்கள் தவறும்

மருந்துச் சட்ட விதிகளில் 'ஜெ' அட்டவணை என்று ஒன்று உண்டு. எந்தெந்த நோய்களைக் குணமாக்குவதாக ஒரு மருந்து உரிமை கொண்டாடக் கூடாது என்று அதில் பட்டியல் இருக்கிறது. வழுக்கையும், புது முடி வளரச் செய்வதும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே "வழுக்கையில் முடி முளைப்பது உறுதி" என்று லேபிளில் போட்டு மருந்தை விற்பது சட்டத்திற்கு எதிரானது.

இங்கே எங்கள் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே இதழின் கடைசிப் பக்கத்தில் கருஞ்சீரகத் தலை எண்ணெய் விளம்பரம் ஒன்றை வெளியிட்டோம். அச்சுச் செலவுக்கு உதவியாக இருந்தது. ஹதீஸின் பெயரும் அதில் இருந்ததால் நாங்கள் யோசிக்கவில்லை. அந்தச் சகோதரி எட்டு மாதம் வாங்கியது அந்த எண்ணெயைத்தான். "நம்ம டிரஸ்ட் புக்குலதான் பார்த்தேன்" என்று அவர் சொன்னபோது எங்களுக்குத் தலை குனிந்தது. கருஞ்சீரகத்தின் சிறப்பை நாம் நம்புகிறோம். ஆனால் அதைக் காட்டி வழுக்கையில் முடி முளைக்கும் என்று காசு வாங்குவது வேறு. இனி எந்த மருந்து விளம்பரமும் இந்த இதழில் வராது.

மார்க்கம் என்ன சொல்கிறது?

மூன்று பேர் சோதிக்கப்பட்ட சம்பவம் புகாரியில் வருவதை நாம் பயானில் கேட்டிருக்கிறோம். தொழுநோயாளி, வழுக்கைத் தலையர், பார்வையற்றவர். வழுக்கைத் தலையர் நல்ல முடியைக் கேட்டார், கொடுக்கப்பட்டது. முடியை ஆசைப்பட்டதற்காக அவர் கண்டிக்கப்படவில்லை. செல்வமும் முடியும் கிடைத்தபின் ஏழையை விரட்டியதால்தான் தோற்றார். ஆகவே சிகிச்சை தேடுவது குறையல்ல.

அதேசமயம், நோயினால் முடி கொட்டிய மணப்பெண்ணுக்கு வேறு முடியை ஒட்டலாமா என்று ஒரு தாய் கேட்டபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பதும் ஹதீஸில் உள்ளது. சொந்த முடியைச் சொந்தத் தலையிலேயே நடுவது அதில் சேராது என்பது இக்கால அறிஞர்கள் பலரின் கருத்து. 2007 ஜூலையில் மலேசியாவின் புத்ராஜயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, உதிர்ந்த முடிக்கு மாற்றாக முடி நடுவதை, குறிப்பாகப் பெண்களுக்கு, அனுமதித்தது. விக் வைப்பதில் மனித முடிக்கும் செயற்கை முடிக்கும் சட்டம் வேறுபடும். அவரவர் மத்ஹபின்படி ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெண் பார்க்கும் அன்று மட்டும் விக் வைத்து மறைப்பது ஏமாற்று. அது முடிப் பிரச்சினையை மணவாழ்க்கைப் பிரச்சினையாக்கும்.

இன்னொரு பக்கமும் உண்டு. 'சொட்டை', 'மொட்டை' என்று பட்டப்பெயர் சொல்லிச் சிரிப்பதை நம் தெருக்களில் யாரும் தவறாக நினைப்பதில்லை. ஹுஜுராத் அத்தியாயத்தின் 11ஆம் வசனம் கேலியையும் பட்டப்பெயரையும் தடுக்கிறது. தொழுகிற, உழைக்கிற, ஹலாலாகச் சம்பாதிக்கிற ஒரு வாலிபரை நெற்றியைப் பார்த்துத் திருப்பி அனுப்பும் வீடுகள் யோசிக்க வேண்டும். நாம் சிரித்த சிரிப்புதான் அந்தத் தாயை நகைப் பெட்டியோடு எங்கள் முன் கொண்டுவந்து நிறுத்தியது.

டிரஸ்டின் முடிவு

மஷூராவில் பேசி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். ஒன்று, முடி மாற்று அறுவை சிகிச்சைக்கு நமது டிரஸ்டிலிருந்து கடனோ ஜக்காத் தொகையோ வழங்கப்படாது. பசிக்கும் படிப்புக்கும் நோய்க்கும் முதலிடம். இரண்டு, ஏழைக் குடும்பத்தில் யாருக்கு முடி உதிர்ந்தாலும், மருத்துவர் எழுதித் தரும் இரத்தப் பரிசோதனைச் செலவும் பாளையங்கோட்டை போய்வர பஸ் செலவும் பொது மருத்துவ நிதியிலிருந்து தரப்படும். மூன்று, பெண்கள் வந்து சொல்ல வசதியாக மகளிர் குழுச் சகோதரிகளே அந்த மனுக்களை வாங்குவார்கள்.

அந்த இருவரும் என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். சகோதரிக்கு இரத்தசோகையும் தைராய்டும் இருப்பது பரிசோதனையில் தெரிந்தது. மாத்திரை சாப்பிடுகிறார். முதலில் மூச்சு வாங்குவது நின்றது. ஆறாம் மாதம் வகிட்டோரத்தில் குட்டி முடிகள் தெரிந்தன, அல்ஹம்துலில்லாஹ். வாலிபர் எங்கள் மேல் கோபித்துக்கொண்டுதான் போனார். ஆனாலும் முன்பணம் கட்டும் முன் அந்த மையத்திடம் மருத்துவரின் பதிவு எண்ணைக் கேட்டிருக்கிறார். மூன்று முறை கேட்டும் வரவில்லை. அதன்பின் தோல் மருத்துவரிடம் போய் மருந்து தொடங்கினார். முன்நெற்றி திரும்பவில்லை. உச்சியில் உதிர்வது நின்றிருக்கிறது. முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு, பழையபடி வேலைக்குப் போய்விட்டார். நகை பெட்டியிலேயே இருக்கிறது. அவருக்கு நல்ல இடத்தில் நிக்காஹ் அமைய துஆச் செய்யுங்கள்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மூன்று மாதத்திற்கு மேல் முடி கொட்டிக்கொண்டிருந்தால், அடுத்த எண்ணெய் பாட்டில் வாங்கும் முன் ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள். வெட்கத்தால் மறைக்கும் தாய்மார்களையும் மகள்களையும் நீங்களே அழைத்துப் போங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தையும், உள்ளதைப் பொருந்திக்கொள்ளும் மனதையும் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்